ரேடான் சோதனையைச் சட்டக் கடமையாக்குங்கள்: சட்டம் இயற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றங்களிலும் அமர்ந்திருப்பவர்களுக்கும், கட்டட விதிகளை எழுதித் திருத்தும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் கதிரியக்க வாயுவான ரேடான் கட்டடங்களுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரு கட்டடத்தைப் பற்றி முடிவெடுப்பவர் ஒருவராகவும், அதன் காற்றைச் சுவாசிப்பவர் வேறொருவராகவும் இருக்கும் எல்லா இடங்களிலும் ரேடானை அளப்பது, அதிகமாக இருந்தால் குறைப்பது, குறைந்ததா என்று திரும்ப அளப்பது ஆகிய மூன்றையும் சட்டக் கடமையாக்குங்கள். வாடகை வீடு, பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம், வேலை செய்யும் இடம், விற்பனைக்கு வரும் வீடு, புதிதாகக் கட்டும் வீடு எல்லாமே இதில் அடங்கும். தன் சொந்த வீட்டில் தானே குடியிருப்பவரைக் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. அவருக்குச் சரியான தகவலும், முடியாதவருக்குப் பண உதவியும் கிடைத்தால் போதும். மற்றவர்களுக்கு அது போதாது.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்ணிலும் பாறையிலும் எங்கும் கொஞ்சமாவது யுரேனியம் இருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது, ரேடியம் சிதைந்து ரேடான்-222 என்ற வாயுவாகிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 3.8 நாள். மண்ணுக்குள்ளேயே கிடந்தால் அங்கேயே சிதைந்து முடிந்துவிடும். திறந்த வெளியில் கலந்தால் நீர்த்துப்போகும். வெளிக்காற்றில் கன மீட்டருக்கு 5 முதல் 15 பெக்கரல் வரைதான் பொதுவாக இருக்கும். ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது. இனி ரேடான் அளவை வெறும் எண்ணாகச் சொன்னாலும் கன மீட்டருக்கு இத்தனை பெக்கரல் என்றே கொள்ளுங்கள். தொல்லை தொடங்குவது கட்டடத்துக்குள் புகும்போது. உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலே ஏறி வெளியேற, கீழ்த்தளம் அந்தக் குறையை ஈடுகட்ட மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. அழுத்த வேறுபாடு சில பாஸ்கல்தான், உடம்புக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தரையும் சுவரும் சேரும் இடுக்கு, குழாய் நுழையும் துளை, கான்கிரீட் வெடிப்பு, உள்ளே பொந்தாக இருக்கும் பிளாக் சுவர் என்று கிடைத்த வழியிலெல்லாம் மண்வாயு உள்ளே வருவதற்கு அதுவே தாராளம்.

மூச்சோடு போகும் ரேடானில் பெரும்பகுதி அடுத்த மூச்சோடு வெளியே வந்துவிடும். தங்கிவிடுவது அதன் சிதைவில் பிறக்கும் பொலோனியம்-218, பொலோனியம்-214 போன்றவை. இவை தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிந்து, அங்கேயே ஆல்ஃபா துகளை வீசுகின்றன. ஒரு தாளைக்கூடத் துளைக்க முடியாத துகள்தான். ஆனால் உயிரணுவை ஒட்டியே உட்கார்ந்து வீசும்போது நடுவில் தடுக்க என்ன இருக்கிறது?

இதெல்லாம் நேற்று முளைத்த சந்தேகம் இல்லை. ஜெர்மனியில் ஷ்னீபெர்க் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக நெஞ்சு நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். அது நுரையீரலில் வளரும் புற்று என்று ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இருவர் 1879இல் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988இல் ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. அதற்கும் நாலு வருடம் முன்பு, 1984 டிசம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதிரியக்கக் கண்காணிப்புக் கருவியைக் கடந்தபோது அலாரம் அடித்தது. நிலையத்தில் அப்போது மின் உற்பத்தியே தொடங்கவில்லை. கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து உடம்பிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வீட்டை அளந்தால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,00,000 பெக்கரல். ஆழ்ந்த சுரங்கத்தில்கூட அப்படி இருந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு தூங்கி எழுந்துகொண்டிருந்தது. சரிசெய்த பிறகு அவர்கள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த அளவுக்கு மோசமான வீட்டையே சரிசெய்ய முடிந்தது.

ஆனால் வாட்ராஸ் வீட்டையே பேசிக்கொண்டிருந்தால் சட்டம் வழிதவறிப் போகும். இதை நீங்கள் பொறுமையாகக் கேட்கவேண்டும். ஐரோப்பாவில் 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005இல் வெளியிட்ட பகுப்பாய்வில், வீட்டில் நீண்டகால ரேடான் அளவு 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 16 சதவீதம் கூடுகிறது என்று தெரிந்தது. 200 பெக்கரலுக்குக் கீழே இருந்த வீடுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோதும் அந்த ஏற்றம் தெரிந்தது. இதற்குக் கீழே பயமே இல்லை என்று கோடு கிழிக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. மிக அதிகமாக ரேடான் உள்ள வீடுகள் எண்ணிக்கையில் குறைவு, நடுத்தரமாக உள்ளவை ஏராளம். அதனால் ரேடானால் வரும் சாவுகளில் பெரும்பங்கு அந்த நடுத்தர வீடுகளிலிருந்துதான் வருகிறது. ரேடான் வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும் பகுதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் சட்டம் பெரும்பாலானவர்களை வெளியே விட்டுவிடும்.

உலகம் முழுக்க நுரையீரல் புற்றுநோய்களில் 3 முதல் 14 சதவீதம் வரை ரேடானால் வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில் அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இதனால் இறக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 2,900 பேர் வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர்கள். புகைப்பவருக்கு ரேடான் ஆபத்து பல மடங்கு பெருகுகிறது என்பது உண்மை. அதைச் சொல்லி ரேடானைத் தள்ளிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புகைப்பவரும் குடிமகன்தானே? அவர் வீட்டிலிருக்கும் குழந்தையும்தான்.

சரி, சட்டங்களுக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1988இல் வந்த உட்புற ரேடான் தணிப்புச் சட்டம் அருமையான ஓர் இலக்கை எழுதிவைத்தது: கட்டடத்துக்குள் இருக்கும் காற்று, வெளிக்காற்றைப் போலவே ரேடான் இல்லாமல் இருக்கவேண்டும். நான் படித்த சட்ட வாசகங்களில் இவ்வளவு நேர்மையான இலக்கை அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அதை நிறைவேற்றவேண்டிய கடமை யார் தலையிலும் விழவில்லை. லிட்டருக்கு 4 பிகோகியூரி, அதாவது 148 பெக்கரல் என்ற அளவைத் தாண்டினால் சரிசெய்யுங்கள் என்பது இன்றுவரை பரிந்துரைதான். வீடு விற்கும்போது சோதனை செய்தே ஆகவேண்டும் என்று நாடு தழுவிய சட்டம் அங்கே கிடையாது. இல்லினாய், மினசோட்டா உள்ளிட்ட சில மாநிலங்களின் விழிப்புணர்வுச் சட்டங்கள் விற்பவர் தனக்குத் தெரிந்ததை எழுத்தில் சொல்லவேண்டும், ஒரு கையேட்டையும் கொடுக்கவேண்டும் என்கின்றன. சோதித்துப் பார் என்று சொல்வதில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆற்றாமை. தெரிந்ததைச் சொல் என்று மட்டும் கேட்கும் சட்டத்தால் யாருக்கு ஆதாயம் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் பொறுப்பாக வீட்டைச் சோதிக்கிறார், 400 பெக்கரல் வருகிறது. அவர் அதைச் சொல்லியாகவேண்டும், அல்லது செலவழித்துச் சரிசெய்யவேண்டும், இல்லாவிட்டால் விலையைக் குறைக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சோதிக்கவே இல்லை. படிவத்தில் ‘தெரியாது’ என்று ஒரு டிக் அடித்துவிட்டு முழு விலைக்கு விற்றுவிட்டுப் போகிறார். சட்டம் இருவரையும் பார்த்து, பொறுப்பானவரைத் தண்டிக்கிறது, கண்ணை மூடிக்கொண்டவரைத் தட்டிக்கொடுக்கிறது. ‘இப்போது சோதிக்க வேண்டாம், விற்ற பிறகு அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று வீட்டு உரிமையாளர்கள் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்வதுண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அவர்களும் சாய்கிறார்கள். இதற்கு மருந்து எளிது. ‘தெரியாது’ என்ற கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விற்பனைப் பத்திரத்தோடு குறிப்பிட்ட காலத்துக்குள் எடுத்த ஓர் அளவீட்டு அறிக்கை இணைந்திருக்கவேண்டும் என்று எழுதுங்கள். எல்லோரும் சோதித்தால் சோதித்தவருக்கு மட்டும் நஷ்டம் என்ற நிலை இருக்காது. வீட்டு விலை விழுந்துவிடும் என்ற பயத்துக்கும் இதுதான் பதில். தெரிந்த வீட்டை எல்லோரும் தெரியாத வீட்டோடு ஒப்பிடுவதால்தான் இப்போது விலை விழுகிறது.

வாடகைதாரர் நிலைமை இதைவிட மோசம். வீடு வாங்குபவராவது பேரம் பேசலாம், வேண்டாமென்று போகலாம். தரைத்தளத்திலோ நிலவறையிலோ வாடகைக்கு இருப்பவர் பெரும்பாலும் கையில் இருக்கும் காசுக்கு அந்த இடம்தான் கிடைக்கும் என்பதால் அங்கே இருக்கிறார். மண்ணுக்கு மிக அருகில் இருக்கும் தளத்தில்தான் ரேடானும் பொதுவாக அதிகம். அவரே ஒரு கருவி வாங்கி வைத்து அளந்தாலும் அதற்கப்புறம் என்ன செய்வார்? தரையைத் துளைத்துக் குழாய் போடும் உரிமை அவருக்கு இல்லை. உரிமையாளரிடம் சொன்னால் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேறு. அதனால் எண் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, அதே அறையில் குழந்தையைப் படுக்கவைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அதுவும் முடியாது.

முடியும் என்று காட்டிய நாடு இருக்கிறது. நார்வேயில் 2014 ஜனவரி 1 முதல் வாடகை வீடுகளில் ரேடான் அளவு உரிமையாளரின் சட்டப் பொறுப்பு. 100 பெக்கரலைத் தாண்டினால் குறைக்க நடவடிக்கை எடுக்கவேண்டும், 200 என்பது மேல் வரம்பு. அமெரிக்காவில் மேய்ன் மாநிலமும் வாடகைக் கட்டடங்களைச் சோதித்து வாடகைதாரருக்கு முடிவைத் தெரிவிக்கச் சொல்கிறது. நீங்கள் எழுதும் சட்டத்தில் இன்னொரு வரி அவசியம் வேண்டும்: ரேடான் அளவைக் கேட்டதற்காகவோ, தானே அளந்ததற்காகவோ வாடகைதாரரை வெளியேற்றவோ வாடகையை ஏற்றவோ கூடாது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மீதி உரிமையெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும்.

வேலையிடங்களைப் பொறுத்தவரை ஐரோப்பா ஓரளவு முன்னே போய்விட்டது. ஐரோப்பிய அணுசக்திச் சமூகமான யூராட்டத்தின் 2013ஆம் ஆண்டு 59ஆம் ஆணையை ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகள் 2018 பிப்ரவரிக்குள் தம் சட்டத்தில் சேர்க்கவேண்டியிருந்தது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் ஒரு நாடு வைக்கும் குறிப்பு அளவு, அதாவது தாண்டினால் குறைக்க முயலவேண்டிய அளவு, 300 பெக்கரலுக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொரு நாடும் ரேடானுக்கென்று தேசியச் செயல்திட்டம் வைத்திருக்கவேண்டும் என்றது அது. ஜெர்மனியில் ரேடான் அதிகம் என்று வரையறுத்த பகுதிகளில் தரைத்தளத்திலும் நிலவறையிலும் உள்ள வேலையிடங்களை 12 மாதம் அளந்தாகவேண்டும். 300ஐத் தாண்டினால் குறைக்கவேண்டும், குறைந்ததா என்று மறுபடி அளக்கவேண்டும். இந்தக் கடைசி வரியை உங்கள் கண்ணில் படும்படி தனியாகச் சொல்கிறேன். பல சட்டங்களில் அது இல்லை.

எந்த எண்ணை வைப்பது என்று விவாதம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் 100 என்றது, அது முடியாத நாடுகளில் 300ஐத் தாண்டக்கூடாது என்றது. அயர்லாந்தும் பிரிட்டனும் வீடுகளுக்கு 200 வைத்திருக்கின்றன. கனடா 2007இல் 800ஐ விட்டு 200க்கு இறங்கியது. என்னைக் கேட்டால் 100 வையுங்கள் என்பேன். ஆனால் எண்ணைப் பற்றிச் சண்டை போட்டே ஆண்டுகளைக் கழிக்காதீர்கள். செயல்படுத்தும் 200, அலமாரியில் தூங்கும் 100ஐவிட அதிகம் பேரைக் காப்பாற்றும். 300 என்பதைப் பாதுகாப்பான அளவு என்று மட்டும் தயவுசெய்து எங்கும் எழுதாதீர்கள். 290 வந்த வீட்டுக்காரர் ‘நமக்குப் பிரச்சினை இல்லை’ என்று நிம்மதியாகப் போவதை நான் விரும்பவில்லை.

புதுக் கட்டடங்கள் விஷயத்தில் தாமதத்துக்குச் சாக்கே கிடையாது. கட்டும்போதே செய்வது மிகச் சுலபம். கான்கிரீட் தரைக்கு அடியில் நான்கு அங்குல உயரத்துக்குக் குறையாமல் சுத்தமான ஜல்லி, அதன்மேல் கனமான பாலித்தீன் விரிப்பு, ஜல்லிக்குள்ளிருந்து புறப்பட்டு வீட்டின் ஊடாக ஏறிக் கூரைக்கு மேலே திறக்கும் ஒரு பி.வி.சி. குழாய், பின்னால் தேவைப்பட்டால் விசிறி மாட்ட அருகிலேயே ஒரு மின் இணைப்பு. அவ்வளவுதான். அயர்லாந்து 1998 ஜூலையிலிருந்து எல்லாப் புது வீட்டிலும் தரைக்கு அடியிலிருந்து மண்வாயுவை வெளியே இழுக்கப் பிற்பாடு பயன்படுத்தக்கூடிய உறிஞ்சு குழியைக் கட்டாயமாக்கியது, ரேடான் அதிகமான பகுதிகளில் தடுப்பு விரிப்பையும் சேர்த்தது. மினசோட்டா 2009இலும் இல்லினாய் 2013இலும் புது வீடுகளுக்கு இதுபோன்ற விதிகளைக் கொண்டுவந்தன. கட்டி முடித்த வீட்டில் இதையே செய்யவேண்டுமானால் தரையைக் குடையவேண்டும், சுவரில் வழி தேடவேண்டும், செலவும் பல மடங்கு.

விதி இருந்தால் போதுமா? கட்டுமான இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். காலையில் விரிப்பை விரிப்பார்கள். மேலே கம்பி கட்டுபவர்கள் நடப்பார்கள், கம்பியின் வெட்டிய முனை விரிப்பில் குத்தும், தள்ளுவண்டிச் சக்கரம் ஓர் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு போகும். பிளம்பர் வந்து குழாய்க்காக ஒரு கட்டம் வெட்டுவார், சுற்றி ஒட்டுவதற்கு டேப் இருக்காது, நாளைக்குப் பார்க்கலாம் என்று போவார். மாலையில் கான்கிரீட் வண்டி வந்துவிடும். அதற்கப்புறம் அந்தக் கிழிசலை யாரும் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அனுமதிக் கோப்பில் ‘ரேடான் தடுப்பு விரிப்பு போடப்பட்டது’ என்று இருக்கும், அது பொய்யும் இல்லை. ஆகவே கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஆய்வாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திடவேண்டும் என்றும், குடியேறிய முதல் ஆண்டுக்குள் கட்டியவர் செலவில் அளந்து காட்டவேண்டும் என்றும் எழுதுங்கள். அளவு வரம்பைத் தாண்டினால் விசிறியை மாட்டித் தருவதும் கட்டியவர் பொறுப்பு. கட்டட வரைபடத்தில் இருப்பதைச் சோதிக்காதீர்கள், காற்றில் இருப்பதைச் சோதியுங்கள்.

கட்டுமானப் பொருளையும் மறந்துவிடக்கூடாது. ஸ்வீடனில் 1929 முதல் 1975 வரை யுரேனியம் கலந்த களிப்பாறையிலிருந்து ஒரு நீலநிற இலேசு கான்கிரீட் செய்தார்கள். அந்தச் சுவர்களே ரேடானை வெளிவிட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கே தரைக்கு அடியில் என்ன செய்தாலும் பாதிதான் தீரும். நிலத்தடி நீரில் கரைந்து வரும் ரேடானுக்கும் தனி வரம்பு வேண்டும், அதை இங்கே விரிக்கவில்லை.

அளக்கும் முறையைச் சட்டம் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். நான் வைத்துவிட்டு வரும் கருவி ஒரு சின்ன கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. மின்சாரம் வேண்டாம், சத்தம் வராது. உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. ரேடான் உள்ளே பரவிச் சிதையும்போது ஆல்ஃபா துகள் அந்தத் துண்டில் மோதிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் அறையில் இருந்த பிறகு ஆய்வகத்தில் அதைச் சூடான காரக் கரைசலில் ஊறவைப்பார்கள். அரித்து அரித்துத் தடங்கள் குழிகளாகப் பெரிதாகும். நுண்ணோக்கியில் அவற்றை எண்ணினால் அந்த அறையின் அளவு தெரிந்துவிடும். அந்தத் துண்டு வாங்கியதெல்லாம் அந்த அறையில் தூங்கியவரின் நுரையீரல் வாங்கிய அடியின் ஒரு மாதிரி என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இதற்கு நேரெதிராக வீட்டு விற்பனையின்போது நடப்பது இரண்டு நாள் சோதனை. அதுவும் பயனுள்ளதுதான், ஒழுங்காகச் செய்தால். சோதனைக்கு 12 மணிநேரம் முன்பிருந்தே ஜன்னல் கதவுகள் மூடியிருக்கவேண்டும், சோதனை முழுக்க அப்படியே இருக்கவேண்டும். யாரோ ஒருவர் இரவில் இரண்டு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டால் எண் பாதியாகிவிடும். ரேடான் அளவு பருவத்துக்குப் பருவம் மட்டும் மாறுவதில்லை, இரவும் பகலும் மாறுகிறது, காற்றழுத்தம் மாறினால் மாறுகிறது. எனவே குடியிருப்புக்கும் பள்ளிக்கும் நீண்டகால அளவீடே விதியாக இருக்கட்டும். விற்பனை போன்ற அவசரத்தில் குறுகியகாலச் சோதனை எடுத்தால், மணிக்கு மணி பதிவுசெய்யும் கருவியை, விற்பவரோடு தொடர்பில்லாத ஒருவர் வைக்கட்டும். அளப்பவரும் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. என் பிழைப்பே அளப்பதுதான், இருந்தாலும் இதைக் கறாராகச் சொல்கிறேன். இரு தொழிலுக்கும் உரிமம் வேண்டும், முடிவுகள் பொதுப் பதிவேட்டுக்கு வரவேண்டும்.

ரேடான் வரைபடம் இருக்கிறதே, அதைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று அதிகாரிகள் கேட்பார்கள். வரைபடம் ஒரு பகுதியில் எத்தனை சதவீத வீடுகள் வரம்பைத் தாண்டும் என்று சொல்லும். உங்கள் வீடு தாண்டுகிறதா என்று அதற்குத் தெரியாது. ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளில் ஒன்று 60, மற்றது 900 என்று வரலாம். மண்ணின் இறுக்கம், வெடிப்பு, அடித்தளம் கட்டிய விதம், வீட்டைச் சூடாக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் எண் அது. யாருக்கு முதலில் உதவி, எங்கே முதலில் ஆள் அனுப்புவது என்று முடிவெடுக்க வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள். விலக்குக் கொடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பள்ளிக்கூடங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். குழந்தையால் அந்த அறையைத் தவிர்க்க முடியாது, கேள்வியும் கேட்கத் தெரியாது. இல்லினாயில் உரிமம் பெற்ற குழந்தைகள் காப்பகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும், அறிக்கையைப் பெற்றோர் பார்க்கும்படி வைக்கவேண்டும். இந்த இரண்டாவது பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. கோப்புக்குள் போகும் அறிக்கைக்கும் வாசலில் ஒட்டிய அறிக்கைக்கும் வித்தியாசம் உண்டு. பள்ளியில் இன்னொரு நுணுக்கம்: இரவிலும் விடுமுறையிலும் காற்றோட்ட இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள், ரேடான் ஏறும். காலையில் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் இறங்கும். குழந்தைகள் இருக்கும் நேரத்தில் என்ன அளவு என்பதைத் தனியாகப் பார்க்காமல் சராசரியை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் தவறு நேரலாம். தரையைத் தொடும் எல்லா வகுப்பறையிலும் அளக்கவேண்டும், ‘மாதிரிக்கு இரண்டு அறை’ வேலைக்காகாது.

குறைப்பதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் நல்ல செய்தி அங்கேதான் இருக்கிறது. தரைக்கு அடியில் ஒரு குழி, அதிலிருந்து ஒரு குழாய், ஒரு சின்ன விசிறி. அவ்வளவு எளிய ஏற்பாடு மண்ணின் அழுத்தத்தை வீட்டின் அழுத்தத்தைவிடக் கீழே இறக்கிவிடுகிறது. மண்வாயு வீட்டுக்குள் வருவதற்குப் பதில் கூரைக்கு மேலே போய்விடுகிறது. நன்றாகப் போட்டால் 90 சதவீதத்துக்கு மேல் குறையும். குழாயின் பக்கத்தில் ஆங்கில ‘யூ’ எழுத்தைப் போல வளைந்த குழல் ஒன்று இருக்கும், அதில் நிறமேற்றிய திரவம். விசிறி ஓடும்போது ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் உறிஞ்சல் இல்லை, பெரும்பாலும் விசிறி செத்துவிட்டது என்று அர்த்தம். குடியிருப்பவர் அதைத் தினம் கடந்துபோவார், அது என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். சரிசெய்த வீடு என்ற சான்றிதழ் அலமாரியில் பத்திரமாக இருக்கும், ரேடான் பழையபடி ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே சரிசெய்த உடனே ஒருமுறை, அதன்பின் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து அளக்கவேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். விசிறி நின்றால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி கட்டாயமாகட்டும். விசிறியைக் குடியிருக்கும் பகுதிக்குள் மாட்டக்கூடாது, வெளியேறும் வாய் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பதும் விதியில் இருக்கட்டும். இரண்டையும் மீறி மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

எரிசக்தித் துறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டை இறுக்கி மூடி வெப்பம் வெளியேறாமல் செய்யும் திட்டங்களுக்கு அரசுகள் மானியம் தருகின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் இடுக்குகளை அடைத்துக் காற்றோட்டத்துக்கு வேறு வழி செய்யாவிட்டால் உள்ளே ரேடான் ஏறும். பொதுப் பணத்தில் ஒரு வீட்டின் காற்றைக் கெடுப்பது நியாயமா? மானியம் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் வேலைக்கு முன்பும் பின்பும் ரேடான் அளப்பதை நிபந்தனையாக்குங்கள். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், மானிய விதியில் ஒரு திருத்தம் போதும்.

பணம் யார் கொடுப்பது என்பது நியாயமான கேள்வி. வருமானத்துக்காகக் கட்டடம் வைத்திருப்பவர் கொடுக்கட்டும், கட்டி விற்பவர் கொடுக்கட்டும். பள்ளிக்கு அரசு கொடுக்கட்டும். வசதியில்லாத சொந்த வீட்டுக்காரருக்கு மானியம் தாருங்கள். ரேடான் மிக அதிகமான வீடுகளைச் சரிசெய்ய செக் நாட்டில் அரசு பண உதவி செய்திருக்கிறது. அபராதம் விதிக்கும் அதிகாரமும் ஆளும் இல்லாத துறையிடம் இந்தச் சட்டத்தை ஒப்படைத்துவிட்டுக் கைகழுவிவிடாதீர்கள். அதைவிடச் சட்டம் வராமலே இருக்கலாம், குறைந்தது மக்கள் ஏமாறாமல் இருப்பார்கள்.

இந்த மடலின் நகலோடு மூன்று பிரிவுகள் கொண்ட ஒரு வரைவையும் உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்: விற்பனை, வாடகை, புதுக் கட்டடம். முழுச் சட்டம் வர ஆண்டுகள் ஆகும் என்றால் வாடகைப் பிரிவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அளவீட்டுத் தரம், உரிமம், மறு அளவீடு பற்றிய விதிகளை எழுத உட்காரும்போது அழையுங்கள், நானும் என்னோடு இந்த வேலை செய்பவர்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
கட்டடங்களில் ரேடான் அளக்கும் ஒரு தொழிலாளி